ஒட்ட வைத்த கண்ணாடி

துரைக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் காலையில் கண் விழித்ததும், "என் வீட்டுக்காரி ராத்திரி பூரா தூங்க விடல" என்று தினமும் ஒரு புகார் வாசிப்பார். கட்டிலை ஒட்டிய சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய விரிசலைத்தான் அவர் அப்படிச் சொல்வார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போன நாளிலிருந்து அந்தக் கட்டில்தான் அவருக்கு உலகம். படுத்த இடத்திலிருந்தே தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் அதட்டி வேலை வாங்குவதால் மூன்று மாடிக்கும் அவர் துரை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்தான்.

மழைக்காலம் தொடங்கிய அன்று காலை அவர் குரலில் கேலி இல்லை.

"அம்மாடி, இங்க வா. கண்ணாடி போயிடுச்சு."

அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்த தம்பி பெண்டாட்டி அகப்பையோடு ஓடி வந்தாள். அவள் இஸ்திரிக்காரி. கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையும் கரிப் பெட்டியும் வைத்துக்கொண்டு அந்தத் தெருவின் சட்டைகளையெல்லாம் தேய்ப்பவள். விரிசலுக்குக் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு நடுவில் இரண்டாகப் போயிருந்தது.

அந்தக் கண்ணாடி அவர்கள் வைத்ததில்லை. மாநகராட்சி வைத்தது. கட்டடமும் மாநகராட்சியுடையதுதான். எங்கோ ஒரு பழைய குடியிருப்பு இடிந்து ஜனங்கள் செத்த பிறகு, இருக்கிற பழைய கட்டடங்களையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று மன்றத்தில் முடிவானது. ஒரு இன்ஜினீயரம்மா வந்தாள். இளம் வயசு, காலில் கனத்த பூட்ஸ், எதைக் கேட்டாலும் நின்று பதில் சொல்கிற குணம். விரிசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிமெண்ட் வைத்து, குறுக்கே விரல் அகலக் கண்ணாடியைப் பதித்து, சிமெண்ட் காயும் முன்னே ஆணியால் தேதியைக் கீறினாள்.

"சுவர் அசையாம இருந்தா கண்ணாடி அப்படியே இருக்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் உடைஞ்சிடும். கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றாள்.

"உடைஞ்சா என்ன பண்ணுவீங்க மேடம்?" என்று கேட்டாள் இஸ்திரிக்காரி.

"கட்டடத்தக் காலி பண்ணணும்."

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம். காலி பண்ணுவது என்றால் என்ன என்று அந்தத் தெருவுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துக் கட்டடத்தைக் காலி பண்ணினார்கள். லாரி வந்தது. சட்டி பானையோடு ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே குப்பை மேட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகைகளில் இறக்கியது. 'கொஞ்ச நாளைக்குத்தான்' என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அங்கே போன முடிவெட்டுகிறவர் ஒரு தடவை இஸ்திரி மேசைக்கு வந்து நின்றார். கன்னம் ஒட்டிப்போய், ஆளே அடையாளம் தெரியவில்லை.

"எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டாள்.

"வெயில் அடிச்சா பேசத் தெம்பு இருக்காது. மழை பெஞ்சா பேசினது கேக்காது. அவ்வளவுதாம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் பெண்டாட்டி போன கோடையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வர வண்டி கிடைக்கவில்லையாம்.

துரைக்கு மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். படுக்கைப் புண்ணுக்கு மருந்து வாங்க வேண்டும், மூத்திரக் குழாய் மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். தம்பி முதுகில் சுமந்து மூன்று மாடி இறங்குவான், துரை மேலே உட்கார்ந்துகொண்டு, "வண்டி ரொம்பக் குலுக்குதே, ஸ்பிரிங் மாத்தணும்" என்பார். தகரக் கொட்டகையிலிருந்து எத்தனை மைல் சுமப்பான் அந்த மனுஷன்?

கஞ்சி அடிப்பிடித்து நாறியது. அவள் போய்ப் பார்க்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து உடைந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் கீழ் வீட்டுத் தையல்காரம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள். அதே சுவர்தான் அவள் வீட்டுக்கும், அங்கேயும் ஒரு கண்ணாடி.

"எங்க வீட்டுதும் போயிடுச்சுடி. உங்க வீட்டுது?"

இஸ்திரிக்காரி கையைக் காட்டினாள்.

"அய்யோ! இந்த வாரம் அந்தப் பொண்ணு பாக்க வருவாளே. என் மெஷின எங்க கொண்டு போய்ப் போடுவேன்? தகரக் கொட்டாயில யாரு ஜாக்கெட் தைக்கக் குடுப்பா?"

"இரு அக்கா. அவர் வரட்டும்."

இஸ்திரிக்காரியின் புருஷன், அதாவது துரையின் தம்பி, பூச்சு மேஸ்திரி. அவர் பூசிய சுவரில் கையை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். பேச்சு மட்டும் அதிகம் கிடையாது. பத்து வார்த்தை கேட்டால் ஒன்று வரும். அன்று மத்தியானம் மழையில் வேலை நின்று வீட்டுக்கு வந்தவரிடம் அவள் தட்டைப் போட்டு, சோறும் பருப்பும் வைத்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்தும் வைத்தாள். முட்டையைப் பார்த்ததுமே அவர் உஷாராகிவிட்டார்.

"என்ன விஷயம்?"

சொன்னாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சுவரையே பார்த்தார்.

"புதுசா ஒரு கண்ணாடி வெட்டி ஒட்டிடுங்க. உங்களுக்கு அது ஒரு வேலையா?"

"சுவரு அசையுது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அசையட்டுமே! இத்தன வருஷம் நின்ன சுவரு இன்னும் கொஞ்ச நாள் நிக்காதா? அங்க போனா உங்க அண்ணன் செத்துடுவாருங்க. இங்க இருந்தா ஒருவேள சுவரு விழும், விழாமலும் போகும். அங்க நிச்சயம். நான் என்ன பேராசப்பட்டா கேக்கறேன்?"

மேஸ்திரி அண்ணனைப் பார்த்தார். துரை கூரையைப் பார்த்துக்கொண்டு, "என்னக் கேட்டா, பொண்டாட்டி பக்கத்துலயே சாகிற பாக்கியம் எத்தன பேருக்குக் கெடைக்கும்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வேலை மறுநாள் நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, மேஸ்திரி தன் திறமையையெல்லாம் அந்த விரல் அகலத்தில் காட்டினார். படச் சட்டத்தில் இருந்த பழைய கண்ணாடியை அளவாக வெட்டினார். பழைய சிமெண்டை நோகாமல் பெயர்த்துப் புதுசு வைத்து, அதே மாதிரி ஆணியால் அதே தேதியைக் கீறினார். புதுச் சாந்து பச்சையாகத் தெரிந்ததால் டீத் தண்ணீரைத் தொட்டுத் தடவினார். அதுவும் போதவில்லை.

"கரிச் சாம்பல் கொண்டா."

அவள் கீழே ஓடிப் போய் இஸ்திரிப் பெட்டியிலிருந்த சாம்பலை ஒரு தாளில் அள்ளிக்கொண்டு வந்தாள். அவர் அதை விரலால் பூசி ஊதியதும், அந்தச் சிமெண்ட் ஒரு வருஷம் கிழடாகிவிட்டது. தையல்காரம்மா பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தாள். பிறகு அவள் வீட்டுக்குப் போய் அங்கேயும் ஒட்டினார்கள்.

"நம்ம மூணு பேரத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது" என்றாள் தையல்காரம்மா.

"நாலு பேரு" என்றார் துரை கட்டிலிலிருந்து.

இன்ஜினீயரம்மா வந்தாள், டார்ச் அடித்துப் பார்த்தாள், தடவிக்கூடப் பார்த்தாள். "பரவாயில்லையே, இந்தக் கட்டடம் கெட்டிதான்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனாள். அன்று மாலை அந்தக் குடும்பம் சோற்றை ருசித்துச் சாப்பிட்டது.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு.

சில வாரம் கழித்து ஒரு காலைப்பொழுதில் வார்டு கவுன்சிலர் வாயெல்லாம் பல்லாக மாடிப்படி அடிக்கு வந்து நின்றார். இஸ்திரிக்காரி ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, எல்லாரையும் கூப்பிடு. நல்ல சேதி சொல்லணும்."

தையல்காரம்மா வந்தாள், மாடிகளிலிருந்து இன்னும் பத்துப் பதினைந்து பேர் இறங்கி வந்தார்கள்.

"உங்க கட்டடம் பாஸ்! ஒண்ணும் பயமில்லன்னு சர்ட்டிபிகேட் குடுத்துட்டாங்க. நிம்மதியா இருங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் உற்சாகமாகி மேலே பேசினார். "மத்த கட்டடத்துக்காரங்கதான் பாவம். ஆனா இந்தத் தடவ நாங்க விடல. மன்றத்துல கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு. பட்ஜெட்டுல பூங்காவுக்கு வெச்ச பணத்தத் திருப்பி வீட்டுக்கு வெக்க வெச்சோம். கண்ணாடி உடைஞ்ச கட்டடத்து ஜனங்களுக்குத் தகரக் கொட்டாய் கிடையாது. நேரா வீடு!"

"எங்க வீடு?" என்று யாரோ கேட்டார்கள்.

"இதோ, எதிர்லதான்" என்று அவர் கையை நீட்டினார்.

தெருவுக்கு எதிரே ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதிகாரிகளுக்காக என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பூச்சு வேலையில் பாதி மேஸ்திரியுடையதுதான். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு அறை, குழாயில் தண்ணீர். படிக்குப் பக்கத்தில் சாய்தளம் வைத்திருந்தார்கள், லிப்டும் உண்டு. சக்கர நாற்காலியில் ஒருத்தரை உட்கார வைத்து ஒரு படிகூட ஏறாமல் ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போகலாம்.

சட்டையிலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. பெட்டியை எடுக்க மறந்து நின்றிருந்தாள். காலருக்குக் கீழே பழுப்பாக ஒரு முக்கோணம். பதினைந்து வருஷத் தொழிலில் அவள் கையால் கருகிய முதல் துணி அது.

விஷயம் வெளியே வர நாளாகவில்லை. ஆற்றாமையில் தையல்காரம்மாவே வாயை விட்டாள். விட்டவள் முழுசாக விட்டிருக்கலாம். தான் விளக்குப் பிடித்த கதையை விழுங்கிக்கொண்டாள்.

"இவ புருஷன் வேலைக்காரன்னு காட்ட வேற எடமே கெடைக்கலியா? எல்லாரோட தலையிலயும் மண்ண அள்ளிப் போட்டுட்டாளே!" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள்.

"அக்கா, நீயும்தானே..."

"நானா? நீ பண்ணின கூத்துக்கு என்ன இழுக்காத!"

அன்றிலிருந்து மாடிப்படியில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. துணி போடுவதை மட்டும் நிறுத்தவில்லை, வேறு இஸ்திரிக்காரி பக்கத்தில் இல்லை. மூட்டையை மேசையில் வீசிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் மேஸ்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்றார்.

"நீங்க போனா புதுக் கட்டட வேலையும் போயிடும். காண்டிராக்டர் உங்கள உள்ளயே விட மாட்டான். நான் போறேன். நான்தான் ஒட்டினேன்னு சொல்றேன்."

"நம்புவாங்களா?"

"நம்பாட்டி திட்டட்டும். திட்டு வாங்கிப் பழக்கம்தானே."

மாநகராட்சி அலுவலக வராந்தாவில் நிற்க இடமில்லை. அங்கே நின்றவர்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆளுக்கொரு கைக்குட்டையில் உடைந்த கண்ணாடியை முடிந்து வைத்திருந்தார்கள். எதிரே வீடு கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஊரில் பாதிப் பேர் அவரவர் வீட்டுக் கண்ணாடியைச் சுத்தியலால் தட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

இன்ஜினீயரம்மாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. "உங்க கண்ணாடியும் உடைஞ்சிடுச்சா?" என்று தலை தூக்காமல் கேட்டாள்.

"இல்ல மேடம். நல்லா இருக்கு. அதான் சொல்ல வந்தேன். அது நீங்க ஒட்டினது இல்ல. உங்களுது மழை ஆரம்பிச்ச அன்னிக்கே உடைஞ்சிடுச்சு. நாங்க... நான் வேற ஒட்டிட்டேன்."

இன்ஜினீயரம்மா தலையைத் தூக்கினாள்.

"நீங்களா ஒட்டினீங்க? நான் தடவிப் பாத்தேனே. அவ்வளவு சுத்தமாவா?"

"ஆமா மேடம்."

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?"

இஸ்திரிக்காரி தரையைப் பார்த்தாள். இன்ஜினீயரம்மா அதற்கு மேல் அதைக் கேட்கவில்லை. ஆனால் கோபம் வந்தது, கண் சிவக்கிற கோபம்.

"அது விழுந்திருந்தா? அத்தன குடும்பமும் செத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நான் கெட்டின்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். என் கையெழுத்து அது!"

"தப்புதான் மேடம். தகரக் கொட்டாய்னதும் புத்தி மழுங்கிடுச்சு. வீட்டுல நடக்க முடியாத ஆளு இருக்காரு. எங்களுக்கும் எதிர்ல ஒரு வீடு..."

"உங்க வாய் வார்த்தைய நான் மன்றத்துல கொண்டு போய் வெக்க முடியாதும்மா. வெளிய நிக்கிற கூட்டத்தப் பாத்தீங்கல்ல? எல்லாரும் சத்தியம்தான் பண்றாங்க. உடைச்சிட்டு வந்தவங்களுக்கு நடுவுல ஒட்டிட்டு வந்தேன்னு சொல்றவங்க நீங்க ஒருத்தர்தான். நான் நம்பறேன். ஆனா கண்ணாடி தானா உடைஞ்சாதான் வீடு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நாளைக்கு வந்து புதுசா வெக்கறேன். தட்டி உடைச்சா எனக்குத் தெரிஞ்சிடும். தானா உடைஞ்சா தொடாதீங்க, உடனே எனக்குப் போன் பண்ணுங்க. வீடு மிச்சம் இருக்கிற வரைக்கும் நான் பாக்கறேன்."

சொன்னபடி வந்தாள். இந்தத் தடவை இரண்டு கண்ணாடி, மேலே ஒன்று, கீழே ஒன்று. தையல்காரம்மா வீட்டிலும் அப்படியே. போகும்போது, "அவர அந்தச் சுவர் ஓரம் படுக்க வெக்காதீங்க" என்றாள். கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினார்கள். துரை மட்டும் மறுபடியும் அங்கேயே போட வேண்டும் என்று அடம் பிடித்தார். "இங்கிருந்து எனக்குக் கண்ணாடி தெரியல. நீ பெட்டி தேய்க்கப் போயிடுவ, அவன் வேலைக்குப் போயிடுவான். காவல் யாரு, பல்லியா?" கடைசியில் கட்டில் அறையின் நடுவில் வந்து நின்றது.

பிறகு காத்திருந்தார்கள். என்ன காத்திருப்பு அது! எந்தக் குடும்பமாவது தன் வீட்டுச் சுவர் பிளக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்குமா? காலையில் எழுந்ததும் அவள் முதலில் பார்ப்பது கண்ணாடியை. தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டுப் பார்ப்பாள், துரைக்குப் புண்ணைத் துடைத்துவிட்டுப் பார்ப்பாள். அப்போதென்று பார்த்து மழையும் நின்று போனது. பழைய கண்ணாடியை ஒரே இரவில் முறித்த சுவர், இப்போது சாது மாதிரி அசையாமல் நின்றது.

"கோவிச்சுக்கிட்டா. அவளத் தள்ளி வெச்சிட்டோம்ல" என்றார் துரை.

எதிரே வீடுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. வண்டியில் பாத்திரமும் பாயும் வந்து இறங்கின. ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. ஒரு நாள் புதுக் குடித்தனக்காரி ஒருத்தி ஜன்னல் திரைகளைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். மஞ்சள் நிறம், புதுத் துணி வாசனை. "மடிப்பு தெரியாமத் தேய்ச்சுக் குடும்மா, இன்னைக்கே மாட்டணும்" என்றாள். இஸ்திரிக்காரி தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். கண்ணிலிருந்து விழுந்த தண்ணீரையும் சேர்த்துத் தேய்த்தாள். என்ன பாவம் செய்தேன் என்று கேட்கக்கூட அவளுக்கு வாயில்லை. செய்ததுதான் தெரியுமே.

அன்று வேலை முடிந்து வந்த மேஸ்திரி, பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

"என்னங்க பண்றீங்க?"

"எதிர்ல நாலு வீடுதான் காலியா இருக்கு."

"அந்தம்மா கண்டுபிடிச்சிடும்."

"தெரியாம உடைக்க எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அவள் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சிமெண்ட் தின்று சொரசொரத்துப் போன கை.

"வேணாங்க. ஒரு தடவ உங்கள இப்படித்தான் நான் கெடுத்தேன். அந்தப் பொண்ணு நம்மளத்தான் நம்பறேன்னு சொல்லிச்சு. மறுபடியும் வேணாம்."

"அண்ணனப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் சொல்றேன்."

"டேய், சுத்தியல உள்ள வை" என்றார் துரை. "நான் சாரத்துலேர்ந்து விழுந்ததே அவசரப்பட்டதாலதான்."

மேஸ்திரி சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டு, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

மழை திரும்ப வந்தது. இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. கரி நமத்துப் போய்ப் பெட்டி சூடேறவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் மேலே வந்து துரைக்கு ரொட்டியை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். டிக் என்று ஒரு சத்தம். நகத்தைச் சுண்டினால் வருகிற சத்தம், அவ்வளவுதான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உடைஞ்சிடுச்சு!" என்றார் துரை. "அம்மாடி, உடைஞ்சிடுச்சு! மேல இருக்கிறது! பாரு!"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்ததும் உடைந்தது. அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. துரையின் கையைப் பிடித்துக் குலுக்கினாள், டீ கொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. "மாமா, வீடு! நமக்கு வீடு மாமா!" அவர் குழந்தை மாதிரிச் சிரித்தார். அவள் போனை எடுத்து இன்ஜினீயரம்மாவிடம் கத்தினாள். "தானா உடைஞ்சுது மேடம், ரெண்டும்! நாங்க தொடவே இல்ல!"

"உடனே வெளிய வாங்க. எல்லாரையும் கூட்டிட்டு வெளிய வாங்கம்மா!" என்றாள் அவள்.

இஸ்திரிக்காரி ஓடிப் போய்க் கதவை இழுத்தாள். கதவு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கதவு நிலையின் மேல் கட்டை கோணலாக இறங்கிக் கதவைக் கவ்வியிருந்தது. மேலிருந்து சுண்ணாம்பு பொலபொலவென்று அவள் தலையில் கொட்டியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உடைந்தது கண்ணாடி மட்டும் இல்லை.

"மாமா, கதவு வரல."

துரை சிரிப்பதை நிறுத்தினார். "ஜன்னலுக்குப் போ. அவனக் கூப்பிடு."

மேஸ்திரி எதிரேதான் சுற்றுச் சுவருக்குப் பூசிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். மழையில் முதலில் கேட்கவில்லை. அப்புறம் அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பதும், கையிலிருந்த சாந்துக் கரண்டியை வீசிவிட்டு ஓடி வருவதும் தெரிந்தது. கூடவே கடப்பாரையோடு நாலு பேர்.

"நீ மட்டும் ஜன்னல் வழியா ஏதாவது பாத்து..." என்று தொடங்கினார் துரை.

"வாய மூடுங்க மாமா!" என்றாள். அவரிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கட்டிலை விரிசல் சுவரிலிருந்து தள்ளி இழுத்து, அவர் தலைமேல் தலையணையைக் கவிழ்த்து, தானும் அதன் மேல் குனிந்துகொண்டாள்.

கடப்பாரை இறங்கியது. நிலையோடு பெயர்ந்து கதவு உள்ளே விழுந்தது. முதுகில் தூக்க நேரமில்லை. அந்தக் கதவின் மேலேயே துரையைக் கிடத்தி, நாலு மூலைக்கு நாலு பேராகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழியெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டே போனார்கள். தையல்காரம்மா மெஷினைக் கட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அழுதாள். இஸ்திரிக்காரி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தெருவில் விட்டாள்.

அத்தனை பேரும் மழையில் நின்று கட்டடத்தைப் பார்த்தார்கள். அது விழவில்லை. ஆனால் மூன்றாவது மாடியிலிருந்து கீழே வரைக்கும் கை நுழைகிற அகலத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளே சிவப்பாகச் செங்கல் தெரிந்தது.

இன்ஜினீயரம்மா நனைந்துகொண்டே வந்து, வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினாள். இனிமேல் யாரும் உள்ளே போகக் கூடாது, பாத்திரம் எடுக்கக்கூட. இஸ்திரிக்காரி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"மேடம், எதிர்ல வீடு?"

இன்ஜினீயரம்மா கயிற்றை இன்னொரு தடவை முடிந்தாள். "போன வாரம் கடைசிச் சாவியும் குடுத்தாச்சும்மா."

"ஒண்ணுகூட இல்லியா? இவருக்கு மட்டுமாவது?"

"ஒண்ணுகூட இல்ல. நான் கேட்டுப் பாத்தேன். அடுத்த பட்ஜெட்டுல உங்க கட்டடம்தான் முதல்ல. நானே எழுதறேன்."

"அது வரைக்கும் எங்க போறது?"

இன்ஜினீயரம்மா தெருவைப் பார்த்தாள். தெருமுனையில் லாரி திரும்பிக்கொண்டிருந்தது.

லாரியில் யாரும் யாரையும் ஏசவில்லை. ஏசுவதற்கு யாரிடமும் தெம்பு இல்லை. தையல்காரம்மா நகர்ந்து வந்து இஸ்திரிக்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "விளக்குப் பிடிச்சது நான்" என்றாள்.

தகரக் கொட்டகையை அடையும்போது சாயங்காலம். அவர்களுக்குக் கிடைத்ததில் மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் திறந்து கிடந்தது. வாசலுக்குக் கதவு கிடையாது. இருக்கிற ஒரே கதவின் மேல் துரை படுத்திருந்தார். மேஸ்திரி ஒரு சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் முதுகைக் கொடுத்து நின்றார். சாரல் முழுவதும் அவர் மேல் அடித்தது. கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

துரை ஏதோ சொன்னார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"இங்க கண்ணாடி ஒட்டச் சுவரு இருக்கான்னு கேட்டேன்."

"இல்ல மாமா. எல்லாம் தகரம்தான்."

"நல்லதாப் போச்சு. இனிமே ராத்திரி தூங்கலாம்."

அவள் அவர் முகத்திலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டாள். புண்ணுக்கு மருந்து பழைய வீட்டிலேயே கிடக்கிறது, மாற்றுத் துணிகூட இல்லை, நாளைக்கு ஆஸ்பத்திரி நாள். அதை நினைத்ததும் அவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"என்னாலதான் மாமா. எல்லாம் என்னாலதான்" என்றாள்.

"என்னம்மா? கேக்கல."

"என்னாலதான் உங்களுக்கு இந்த கதி!" என்று இன்னும் உரக்கச் சொன்னாள்.

"மழை. ஒண்ணும் கேக்கல."

அவள் அவர் காதோடு வாயை வைத்து, தொண்டை கிழிய, "நான்தான் மாமா, நான்தான் ஒட்டச் சொன்னேன்!" என்று கத்தினாள். வாசலில் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்கே கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

துரை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கலம்மா" என்றார்.